தூளி அப்பாதான் கட்டுவார்

2024 ஜூலை 21, ஞாயிறு

ஒருவழியாக அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பெங்களூர் டிராஃபிக்கில் பொம்மனஹள்ளியிலிருந்து ஜோகுபாளையம் வருவதற்குள், சில்க் போர்டு சிக்னலிலேயே பாதி உயிர் போய்விட்டது. உதயா பாவம், நான் திட்டினதையெல்லாம் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினான். சிக்னல் விழவில்லை என்றால் அவன் என்ன செய்வான்? ஆனால் புருஷனைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது?

ஏழாம் மாதம் வளையல் போட்டதும் முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அம்மா இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை. மெட்ரோ ஆபீசில் லீவு சொன்னபோது, "இஷ்டு பேகனா? இவ்ளோ சீக்கிரமாவா?" என்று கன்னடத்திலும் தமிழிலும் கேட்டார்கள். எங்க அம்மாகிட்ட நீங்களே பேசிக்கோங்க என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே நுழைந்ததும் என் கண் ஹாலில் மேலே இருக்கும் இரும்புக் கொக்கிக்குத்தான் போனது. நான் பார்த்ததை அம்மாவும் பார்த்தாள். "துடைச்சு எண்ணெ போட்டு வச்சிருக்கேன்" என்றாள்.

அந்தக் கொக்கியைப் பற்றி இங்கே எழுதிவிடுகிறேன். ஜனவரி 26 அன்று அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். டிவியில் டெல்லி அணிவகுப்பு முழுசாக முடிந்த பிறகுதான் சொன்னேன். அது ஓடும்போது எங்கள் வீட்டில் மிக்ஸி சத்தம்கூடக் கேட்கக் கூடாது. ஹவில்தார் டேவிட் உத்தரவு. கேட்டதும் அப்பா எழுந்து உள்ளே போனார். மர ஸ்டூலோடு வந்தார். ஏறி, கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை மடக்கித் தொங்கினார். எழுபது வயசு மனுஷன், லுங்கியோடு!

"ஐயய்யோ, இறங்குங்க! இடுப்பு புடிச்சுக்கப் போவுது!" என்று அம்மா கத்தினாள்.

"என் வெயிட்டையே தாங்குது சின்னத்தாயி. என் பேரப்புள்ளைய தாங்காதா?" என்றார் மேலேயிருந்து.

இறங்கி, என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். பண்ணி முடித்ததும் சொன்னார்: "தூளி நான்தான் கட்டுவேன். வேற எவனையும் கை வைக்க வுடாத."

பிப்ரவரியில் ஒருநாள் காலை, ஹலசூர் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காபி கேட்டார். அம்மா டம்ளரோடு வருவதற்குள் போய்விட்டார். வலி, மருந்து, ஆஸ்பத்திரி எதுவும் இல்லை. நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். சாவில் என்ன நல்லது? ஆனால் இப்போது யோசித்தால் அவருக்கு அது சரிதான் என்று படுகிறது. காத்திருப்பது அவருக்குப் பிடிக்காது.

ஜூலை 24

இன்றும் முருங்கைக்கீரை. நாளைக்கும் அதுதானாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சர்ச்சில் இளைஞர் கூட்டத்துப் பையன் ஒருவன் பிடித்துக்கொண்டான். சுதந்திர தினத்துக்கு அப்பாவைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டுமாம். "அங்கிள் எந்தெந்த சண்டைல இருந்தாருக்கா? யாரையாவது சுட்டிருக்காரா?" என்று கண்ணெல்லாம் விரியக் கேட்டான்.

என்ன சொல்ல? அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ். பட்டாளத்துக்கு வழி போட்டுக் கொடுக்கிற படை. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பையன், பூமிக்கு அடியில் போக மாட்டேன் என்று பதினெட்டு வயதில் பெங்களூருக்கு ரயிலேறி பட்டாளத்தில் சேர்ந்தவர். நாங்கள் எத்தனை கேட்டாலும் ஒரே கதைதான் வரும். "ஆத்துக்கு மேல பாலம் போடுவோம். எல்லாரும் அந்தப் பக்கம் போய்ச் சேந்ததும் பிரிச்சு லாரில ஏத்தினு வந்துடுவோம். அவ்ளோதான்." நீங்க கட்டின பாலத்தைக் காட்டுங்கப்பா என்று என் தம்பி லாயிட் அழுவான். "ஒண்ணும் இல்லடா தம்பி, எல்லாத்தையும் பிரிச்சாச்சு" என்பார், என்னவோ பெரிய சாதனை மாதிரி. சாப்பர்ஸில் எல்லோரும் எல்லோருக்கும் தம்பிதான். அந்தப் பழக்கத்தில் என்னையும் தம்பி என்றே கூப்பிட்டிருக்கிறார்.

எனக்குத் தெரிந்த அப்பா வேறு. நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம் பென்ஷனில் வந்தார். ஒரு அபார்ட்மெண்டில் இரவு செக்யூரிட்டி வேலை. அம்மா விடிவதற்கு முன்பே கார்மென்ட்ஸ் வேனுக்குக் கிளம்பிவிடுவாள். எங்களைக் குளிப்பாட்டி, தோசை ஊற்றி, ஷூவில் முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டு அனுப்புவது அப்பாதான். எனக்கு ரெட்டைப் பின்னல் போட்டு, மடித்து, ரிப்பன் கட்டுவார். வகிடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். ஒரு முடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து. நான் அழுவேன். "அழுவுறதுன்னா அழு. தலையை ஆட்டாத" என்பார்.

வகுப்பில் பையன்கள் பின்னாலிருந்து ரிப்பனைப் பிடித்து இழுப்பார்கள். மற்றப் பெண்களுக்கெல்லாம் அவிழ்ந்துவிடும். எனக்கு அசையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நானே ஒரு நுனியை இழுத்தால் பட்டென்று வந்துவிடும். காலேஜ் போனதும் முடியைக் கத்தரித்துக்கொண்டேன். ரிப்பன் கதை அதோடு முடிந்தது.

சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா கேட்பார்: "ஓகே ரிப்போர்ட்?" பட்டாளத்தில் ராத்திரி ஆள் கணக்கெடுக்கிறபோது கேட்பதாம். நானும் லாயிட்டும் அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அடி வாங்கினது, மார்க் குறைந்தது எல்லாம். சொல்லி முடித்து "ஆல் ஓகே" என்றால்தான் தட்டில் சோறு விழும். கல்யாணமான பிறகும் எனக்கு போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தார். உதயாவையும் கேட்பார். அவனும் பயந்துபோய் ஒப்பிப்பான்.

ஆகஸ்ட் 15

பேசினேன். சண்டைக் கதை கேட்க வந்த பையன்கள் ரெட்டைப் பின்னல் கேட்டு ஏமாந்துபோனார்கள். பெண்கள் பக்கம் மட்டும் ஒரே மூக்கு உறிஞ்சல்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எதிர்வீட்டு சோஃபியா ஆன்ட்டி மாங்காய்த் தொக்கோடு வந்தார். கொக்கியைப் பார்த்தார். "உன் அப்பா இருந்திருந்தா இந்நேரம் பத்து வாட்டி தொங்கிப் பாத்திருப்பாரு" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

அப்புறம் இந்தச் சந்தில் அப்பா கட்டின தூளியில் தூங்கின பிள்ளைகளை ஆன்ட்டி ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார். யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் வாசலில் நின்று "டேவிட்டண்ணா" என்று கூப்பிடுவார்களாம். இவரும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாராம். ஆன்ட்டியின் மூன்று பிள்ளைகளும் அதில்தான் வளர்ந்தார்கள்.

"மத்தவங்க கட்டினா ரெண்டு நாள்ல முடிச்சு இறுகிப்போயிடும். புள்ள மூத்திரம் போனா, நனைஞ்சு இன்னும் இறுகும். அவுக்கவே வராது. தோய்க்க முடியாம அப்படியே நாறும், இல்ல புடவையைக் கிழிக்கணும். உங்கப்பா முடிச்சு அப்பிடி இல்ல. வெயிட்டு ஏற ஏற புடிச்சுக்கும். ஆனா நுனியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தா கையோட வந்துடும். அந்த நுனியையும் உள்ள மடிச்சு விட்டுடுவாரு, புள்ள கைக்குச் சிக்காது."

"அத எப்பிடி கட்டுறது ஆன்ட்டி?" என்றேன்.

"அது உங்கம்மாவுக்குத் தெரியும்."

"எனக்கா?" என்றாள் அம்மா. "நான் புடவையைப் புடிச்சினு நிப்பேன். அவரு திரும்பி நின்னு என்னவோ பண்ணுவாரு. உனக்கு மூணு புள்ளைக்கும் கட்டினாரே, நீ பாக்கலையா?"

ஆன்ட்டியும் பார்க்கவில்லை. லாயிட்டுக்கு போன் போட்டேன். புனேவிலிருந்து, "எனக்கு ஷூ லேஸே சரியா கட்ட வராதுக்கா" என்றான். யாருக்கும் தெரியாது. சந்து முழுக்க அதில் தூங்கி எழுந்து வளர்ந்திருக்கிறது, ஒரு ஆளுக்கும் தெரியாது.

ஆன்ட்டி போன பிறகு அம்மா அவளுடைய பழைய சுங்குடிப் புடவையை எடுத்துத் தோய்த்துக் காயப்போட்டாள். எனக்கும் லாயிட்டுக்கும் தூளி கட்டின அதே புடவை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்று ஆதி மாமா. ஆதிகேசவன், அப்பாவோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர். எங்களுக்குச் சொந்த மாமாவுக்கும் மேலே. விஷயம் கேள்விப்பட்டு, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"எதுக்குண்ணா அரிசி?" என்றாள் அம்மா.

"லோடு டெஸ்ட்டு தங்கச்சி. பாலம் கட்டினா மொதல்ல வெறும் லாரி போவும். அப்புறம்தான் ஆளுங்க. சும்மாவா?"

மாமா கயிற்றைக் கொக்கியில் மாட்டி வளையம் போட்டார். புடவையின் இரண்டு முனையையும் வளையத்துக்குள் விட்டு ஒன்றோடொன்று சேர்த்து முடிந்தார். மூட்டையை உள்ளே வைத்து உதயாவை ஆட்டச் சொன்னார். உதயா ஆட்டினான். மாமா கையைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஜாஸ்தி ஆட்டு மாப்ள. வெக்கப்படாத." அரிசி மூட்டைக்குத் தாலாட்டு! நான் சிரித்த சிரிப்பில் வயிற்றுக்குள் பாப்பாவே எழுந்து உதைத்தது.

முடிச்சு தாங்கியது. அவிழ்க்கத்தான் முடியவில்லை. மாமா நகத்தால் பார்த்தார், பல்லால் பார்த்தார், ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். கடைசியில் முனை பிய்ந்து புடவை ஒரு ஜாண் கிழிந்தது.

அம்மா புடவையை வாங்கி மடித்தாள். "பரவால்லண்ணா" என்றாள். சமையலறைக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள்.

"நான் புல்டோசர் ஓட்டினவன் பாப்பா. முடிச்செல்லாம் அவன் டிபார்ட்மெண்டு" என்றார் மாமா என்னிடம், மெதுவாக. அரிசி மூட்டையை மட்டும் திரும்ப எடுத்துப் போகவில்லை.

ஆகஸ்ட் 27

அம்மா கிழிந்த முனையைத் தைத்துக்கொண்டிருந்தாள். பார்க்க முடியவில்லை. மொட்டை மாடிக்கு வந்துவிட்டேன்.

ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் கட்டினியே, ஒருத்தருக்காவது சொல்லிக் குடுத்தா என்னப்பா? நீ பாட்டுக்கு நான்தான் கட்டுவேன்னு சொல்லிட்டுப் போயிட்டே. இப்ப நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது? கடையில் ஆயிரம் தொட்டில் விக்குது, எனக்குத் தெரியாதா? எனக்கு அது வேணாம். உன் தூளிதான் வேணும்—

சரி. அழுதாயிற்று. அழுதால் பசிக்கிறது. கீழே கீரை வடை வாசனை வருகிறது.

செப்டம்பர் 9, திங்கள்

பெண். என்னைப் போலவே கோபக்காரி, பிறந்ததும் டாக்டரையே உதைத்தாள். இரண்டு பேரும் சௌக்கியம்.

ஓகே ரிப்போர்ட் அப்பா. ஆல் ஓகே.

செப்டம்பர் 18

லாயிட் ஆன்லைனில் அனுப்பின ஸ்டீல் தொட்டில் வந்தது. பட்டனைத் தட்டினால் தானே ஆடும், பாட்டுக்கூடப் பாடும். பாப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. படுக்க வைத்த நொடியில் வீடு அதிர ஒரு கத்தல். தோளில் போட்டால்தான் தூக்கம். அம்மா தோள், என் தோள், சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்தால் உதயா தோள். எல்லோருக்கும் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்துவிட்டது. சோஃபியா ஆன்ட்டி வந்து நின்று, "அவங்க தாத்தா தூளிக்கு அழுவுது" என்றார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆன்ட்டி தொக்குப் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 28, சனி

இதை மெதுவாக, முதலிலிருந்து எழுத வேண்டும்.

பிள்ளை பெற்றவள் தலையில் பனி ஏறக் கூடாதாம். தினமும் தலைக்குச் சாம்பிராணி போட்டு, காது இரண்டையும் மூடி, பின்னந்தலையில் துணி கட்டிவிடுவாள் அம்மா. அவள் கையால்தான் கட்டுவாள். நான் கட்டினால் காற்று நுழைந்துவிடுமாம். இன்று பாப்பா அழுத அழுகையில் துணியை என் மடியில் வீசிவிட்டு அவளைத் தூக்க ஓடினாள். நானே கட்டிக்கொண்டேன். என்ன கட்டினேன், எப்படிக் கட்டினேன் என்று எனக்கு நினைவே இல்லை. பாப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அம்மா அவிழ்க்க வந்தாள். இழுத்தாள். வரவில்லை.

"இன்னாடி இது, கல்லு மாதிரி புடிச்சினு இருக்குது?"

"விடும்மா, தலையைப் பிச்சு எடுக்காத" என்று நானே பின்னால் கையை விட்டேன். உள்ளே மடங்கியிருந்த நுனியை விரலால் எடுத்து ஒரு இழுப்பு. பட்டென்று அவிழ்ந்து துணி தோளில் விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மறுபடியும் கட்டு" என்றாள்.

கட்டினேன். அவள் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. நான் நுனியை இழுத்தேன். வந்துவிட்டது. உடனே துணியை மடியில் வைத்து, பார்த்துக்கொண்டே கட்ட உட்கார்ந்தேன். வரவில்லை! எந்த நுனி மேலே, எது கீழே, ஒன்றும் புரியவில்லை. கண்ணால் பார்த்ததும் கை குழம்பிப்போகிறது. பின்னால் கொண்டுபோனால் தானாக வருகிறது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்பு திறந்த அன்று அப்பா, "இனிமே ரிப்பனை நீயே கட்டு தம்பி" என்றார். பின்னால் நின்று, என் கை இரண்டையும் அவர் கைக்குள் வைத்துக் கட்டிக் காட்டினார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். அதை எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். "பாக்காத. கை பாத்துக்கும்."

அம்மா ஆதி மாமாவுக்கு போன் போட்டாள். அவர் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். உதயா கொக்கியில் கயிற்றை மாட்டி வளையத்தை என் தலை உயரத்துக்கு இறக்கினான். தைத்த புடவையின் இரண்டு முனையையும் வளையத்துக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டான். நான் போய் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தலைத்துணி கட்டுவது போலவே கையைப் பின்னால் கொண்டுபோனேன்.

"இது இன்னாடி கூத்து" என்றாள் அம்மா, அழுதுகொண்டே.

கட்டி முடித்தேன். மாமா முடிச்சுக்குக் கிட்டே போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடப்பாவி டேவிட்! பொண்ணுக்கு நைட்டு டிரில் குடுத்திருக்கான்!"

ராத்திரியில் பாலம் கட்டும்போது டார்ச் அடிக்கக் கூடாதாம். எதிரிக்குத் தெரிந்துவிடும். அதனால் பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் பட்டப்பகலில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போடச் சொல்வாராம். திரும்பிப் பார்த்தால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். "நான் ஓடிக்கினே இருந்தேன். அதான் டோசருக்கு அனுப்பிட்டாங்க" என்றார்.

அரிசி மூட்டை மறுபடியும் தூளி ஏறியது. பாதி காலியாகியிருந்ததால் அம்மா மேலே தேங்காய்களை வைத்தாள். ஆட்டினோம். தாங்கியது. நுனியை இழுத்தேன். அவிழ்ந்தது. மறுபடியும் முதுகைக் காட்டிக் கட்டினேன்.

அப்புறம் பாப்பா. அம்மாதான் படுக்க வைத்தாள். பாப்பா கத்துவதற்கு வாயைத் திறந்தாள். புடவை அவளைச் சுற்றி மூடிக்கொண்டது. உதயா லேசாகத் தள்ளினான். வாய் திறந்தபடியே தூங்கிப்போனாள்.

நாங்கள் நான்கு பேரும் ஹாலில் தரையில் உட்கார்ந்துகொண்டோம். யாரும் பேசவில்லை, பாப்பா எழுந்துவிடுவாளே என்று. சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 6

தூளி தோய்க்கிற நாள். அம்மா தானே நுனியை இழுத்து அவிழ்த்தாள். தோய்த்துக் காயப்போட்டு, சாயங்காலம் புடவையோடு வந்து, "வாடி டிபார்ட்மெண்டு" என்று கூப்பிட்டாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

அடுத்த வாரம் பொம்மனஹள்ளிக்குத் திரும்புகிறேன். உதயா அங்கே ஹாலில் கொக்கி போட்டுவிட்டான். அம்மா கிறிஸ்துமஸ் முடித்துப் போயேன் என்கிறாள். நீயும் எங்களோடு வா, கிறிஸ்துமஸும் அங்கேயே என்கிறேன். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பெட்டி கட்டி வைத்திருக்கிறாள், ஆனால் வருவதாக இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

காலையில் வாசலில் சத்தம் கேட்டது. சோஃபியா ஆன்ட்டி. உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"கிரேஸ், மருமகளை நாளைக்கு ஆஸ்பத்திரிலருந்து கூட்டினு வர்றோம். பையன். தூளி யாரு கட்டுவாங்கன்னு கேட்டா. உன் பேரச் சொல்லிட்டேன். கொஞ்சம் வர்றியாம்மா?"

அம்மா ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து என் தோளில் போட்டாள். பாப்பாவை அவளிடம் கொடுத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கே ஆன்ட்டியின் பிள்ளைகள் மூன்று பேரும் இருந்தார்கள். இந்தச் சந்தின் பழைய தூளிக்காரர்கள்.

முதலில் ஸ்டூல் கேட்டேன். ஏறி, கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலை மடக்கித் தொங்கினேன்.

"ஐயய்யோ, இறங்கு கிரேஸ்! பச்சை உடம்பு!" என்று ஆன்ட்டி கத்தினார்.

தாங்கியது. இறங்கினேன். புடவையின் இரண்டு முனையையும் பிடிக்கச் சொல்லிவிட்டு, தூளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.